கிசான் பணம் வரும் என்று வாங்கிய மூன்று வட்டிக் கடன்

கேள்வி: மன்னார்குடி பக்கம் சொந்தமாக மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சம்பா நடவுக்காக வெளியில் 50,000 ரூபாய் மூன்று வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) வாங்கினேன். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் கிசான் பணத்தில் வட்டியைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. மைத்துனருக்காக என் பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த 40,000 பயிர்க்கடன் தவணை தாண்டி நிற்பதால் அங்கே புதுக்கடன் கிடைக்காது. மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலி பீரோவில் இருக்கிறது. கிசான் பணத்தை யூலிப் பாலிசியில் போடச் சொல்கிறார் மைத்துனர். போடலாமா?

பதில்: வேண்டாம். யூலிப் என்பது காப்பீட்டோடு சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி. அதில் ஐந்து வருடம் பணத்தை வெளியே எடுக்க முடியாது. வருடத்துக்கு 36 சதவீதக் கடனைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் உங்களுக்கு நஷ்டம்தான். யார் எந்தப் பாலிசியைக் கொண்டுவந்தாலும் இந்தக் கடன் அடைந்த பிறகு பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் வட்டி மாதம் 1,500. கிசான் தவணை நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. அந்த நான்கு மாதத்தில் வட்டி மட்டும் 6,000 ஆகிவிடுகிறது. அதாவது வருடம் முழுக்க மூன்று தவணையாக வரும் மொத்தக் கிசான் பணமும் நான்கே மாத வட்டிக்குப் போகிறது. மீதி எட்டு மாதத்துக்கான 12,000 நெல் விற்ற காசிலிருந்துதான் போகும்.

டெல்டாவிலிருந்து வரும் கடிதங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிசான் பணம் வரும், பயிர் இழப்பீடு வரும், நிவாரணம் வரும் என்று சொல்லியே கடன் வாங்குகிறார்கள். சம்பா காப்பீட்டுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், தவறாமல் கட்டுங்கள். ஆனால் இழப்பீடு பாஸ்புக்கில் ஏறும் வரை அதை வரவாக எண்ணாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? மனைவியிடம் இந்தக் கணக்கை அப்படியே காட்டுங்கள். நகை அவருடையது, சங்கத்தின் கதவை உங்களுக்கு மூடிவைத்திருப்பதும் அவருடைய சகோதரனின் கடன். அவர் சம்மதித்தால் சங்கிலியை வங்கியில் வைத்து ஒரு லட்சம் வாங்குங்கள். வட்டி பத்து சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 850க்குள் முடியும். முதல் வேலையாக மூன்று வட்டிக் கடனை அடைத்து, எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். அடுத்து சங்க பாக்கி. அதற்குத் தவறிய வட்டியும் சேர்ந்திருக்கும், போய்க் கேட்டுச் சரியான தொகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாக்கி தீர்ந்தால் அடுத்த சாகுபடிக்குச் சங்கத்திலேயே பயிர்க்கடன் கேட்கலாம். கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டியே கிடையாது, அரசு ஏற்றுக்கொள்கிறது. அதை விட்டுவிட்டு மூன்று வட்டிக்கு அலைய வைத்தது உங்கள் பெயரில் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்த கடன்தான். மைத்துனர் அந்த 40,000-ஐ மாதம் எவ்வளவு திருப்பித் தருவார் என்று எழுதி வாங்குங்கள். இனி அவருக்காக எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அப்புறம் அறுவடை. ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் 60 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த சாதா ரக நெல் விலை குவிண்டாலுக்கு 2,500. கொள்முதல் நிலையத்தில் போட்டால் ஒன்றரை லட்சம் கணக்கில் ஏறும். அறுப்புக்கூலி, வீட்டுச் செலவு போக, அதே வாரத்தில் பாதி நகைக்கடனையாவது அடையுங்கள். மைத்துனர் தருவதும் கிசான் தவணையும் நேராக மீதிக்குப் போகட்டும்.