புலிக்காட்டில் கேமரா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மே மாதம் மகாராஷ்டிரத்தின் தடோபா புலிகள் காப்பகத்தில், குளத்தின் எதிர்க்கரையில் படுத்திருந்த புலியை 600 மி.மீ. லென்ஸில் நூறு படமாவது எடுத்திருப்பேன். ஒன்றுகூடத் துல்லியமாக இல்லை. லென்ஸில் பழுதா?

லென்ஸைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன், படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை 9 மணிக்கு மேல் என்றால் காரணம் பெரும்பாலும் கானல்தான். காய்ந்த தரையிலிருந்து சூடான காற்று எழுந்து மேலேயுள்ள காற்றோடு கலக்கும்போது அதன் ஊடே வரும் ஒளி நெளிகிறது. தூரம் கூடக்கூட நெளிவும் கூடும்.

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். புலியின் வரிகளின் ஓரம் அலையலையாக இருந்து, அடுத்தடுத்த படங்களில் அந்த அலை இடம் மாறினால் அது கானல். வரிகள் எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது, அல்லது வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. புலிக்கு முன்னாலுள்ள புல் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் புல்லில் மாட்டியிருக்கிறது. விலங்கின் கண்ணைத் தானே தேடும் கேமராக்கள்கூடப் புல்வெளியில் இப்படி ஏமாறும். அங்கே ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள்.

கானலுக்கு எவ்வளவு விலையுள்ள லென்ஸும் மருந்தில்லை. அந்த நேரத்தில் முகத்தை நெருக்கிப் பிடிக்கப் பார்க்காமல், குளமும் கரையும் மரநிழலும் சேர்ந்த பெரிய காட்சியில் புலியைச் சிறிதாக வையுங்கள். கோடைக்காட்டின் வெக்கையைச் சொல்ல அதைவிட நல்ல படம் இல்லை.

ஜிப்சியில் (சஃபாரிக்குப் போகும் திறந்த ஜீப்) டிரைபாட் (முக்காலி) வைக்கலாமா?

வேண்டாம். கால் விரிக்க இடமிருக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் இடைஞ்சல். லென்ஸைத் தாங்கும் பீன் பேக் என்ற துணிப்பை போதும். வெறும் பையாகக் கொண்டுபோய், போன ஊரில் ஒன்றரை கிலோ அரிசியோ பச்சைப்பயறோ வாங்கிப் போடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் பை விறைத்துக்கொண்டு லென்ஸ் உருளும். தளர்வாக இருந்தால்தான் லென்ஸ் அதில் பதிந்து உட்காரும்.

நிழலிலிருந்து புலி வெளியே வரும்போது கன்னத்து வெள்ளை வெளுத்துப்போகிறது. என்ன செட்டிங் வைப்பது?

சுற்றிலும் இருண்ட காடு. கேமரா அந்த இருட்டைப் பார்த்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. பலியாவது கண்ணுக்கு மேலும் கன்னத்திலும் உள்ள வெள்ளை மயிர். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-இல் வைத்து, ரா வடிவத்தில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுங்கள். நிழலில் விட்டதை மீட்கலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. காட்டுமாட்டுக்கும் மைனஸ்தான், இல்லாவிட்டால் கறுப்பு உடம்பு சாம்பலாகிவிடும்.

நடக்கும் புலிக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, ஓடினால் 1/1600. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு 6400-ஐ உச்சவரம்பாக வையுங்கள். விடிகாலையில் ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள்தான் அதிகம். ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா புலிகள் காப்பகத்துக்கு எந்த மாதம் போகலாம்?

ஜூலை முதல் செப்டம்பர் வரை மையப்பகுதி மூடியிருக்கும். புலியைப் பார்ப்பதே குறி என்றால் ஏப்ரல், மே. தண்ணீர் வற்றி விலங்குகள் குளங்களைச் சுற்றியே இருக்கும். படம்தான் முக்கியம் என்றால் நவம்பர், டிசம்பர்: பனிமூட்டமும் சாய்ந்த வெயிலும் கிடைக்கும். முன்பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் அசலை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மான் கத்தினால் கைடு வண்டியை நிறுத்துகிறார். அரைமணி காத்தும் ஒன்றும் வரவில்லை. எந்தக் குரலை நம்புவது?

புள்ளிமான் சந்தேகம் வந்தாலே கத்தும். செந்நாய்க்கும் கத்தும், புரியாத அசைவுக்கும் கத்தும். ஓரிரு முறை கத்திவிட்டு மேயப் போய்விட்டால் நீங்களும் கிளம்பலாம். கடமான் அப்படியல்ல. அடிவயிற்றிலிருந்து வரும் அதன் கனத்த ஒற்றைக்குரல் விட்டுவிட்டுத் தொடர்ந்தால், முன்னங்காலால் தரையைத் தட்டினால், பெரும்பாலும் புலியோ சிறுத்தையோ அதன் கண்ணில் பட்டிருக்கிறது. மரத்தின் மேல் மந்தி இருந்தால் குரலை மட்டும் கேட்காமல் முகத்தைப் பாருங்கள். அது பார்க்கும் பக்கம்தான் உங்களுக்கும் பக்கம்.

குரல் இடம் மாறிக்கொண்டே வந்தால் புலி நடக்கிறது. சட்டென்று நின்றுபோனால் புலி போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். புதரில் படுத்து மறைந்திருக்கலாம்.

காலடியையும் படியுங்கள். புழுதியில் டயர் தடத்தின் மேல் பாதம் பதிந்திருந்தால், கடைசி வண்டிக்குப் பிறகு புலி நடந்திருக்கிறது. பாதத்தின் மேல் டயர் ஏறியிருந்தால் அது பழைய தடம்.

கூடுதலாகப் பணம் கொடுத்தால் டிரைவர் கிட்டே கொண்டுபோவாரா?

தயவுசெய்து கேட்காதீர்கள். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், விலங்கிலிருந்து 20 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கின்றன. விதியை மீறி மாட்டினால் டிரைவரின் பிழைப்பு போகும்.

படத்துக்கும் அது நல்லதில்லை. ஜிப்சியில் நின்றால் கேமரா தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் இருக்கிறது, புலியின் கண் 1 மீட்டருக்குக் கீழ். 8 மீட்டரில் சுமார் 9 டிகிரி குனிந்து எடுக்கிறீர்கள். புலியின் முதுகும் மண் ரோடும்தான் விழும். 40 மீட்டரில் அந்தச் சாய்வு 2 டிகிரிகூட இல்லை. புலி நேருக்கு நேராக வரும், பின்னால் மண்ணுக்குப் பதில் தூரத்து மரங்கள் விழும்.

பாதையில் புலி எதிரே நடந்து வந்தால் வண்டி பின்வாங்கி வழிவிடட்டும். வழி கிடைத்த புலி தன்போக்கில் நடக்கும், படமும் நிறையக் கிடைக்கும். காது பின்னால் படிந்து வால் நுனி சுண்டத் தொடங்கினால், கேமராவை இறக்கிவிட்டு டிரைவரை இன்னும் பின்னால் போகச் சொல்லுங்கள்.