லீக்கில் முதலிடம், ப்ளேஆஃபில் மூட்டை: சிம் ஹாக்கி கேள்வி-பதில்

(புதியவர்களுக்கு: சிம் ஹாக்கியில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களைக் கணினி நிரலே ஓட்டும்; அந்த நிரல்தான் இன்ஜின். அணியை நிர்வகிப்பவர் ஜிஎம், லீக்கை நடத்துபவர் கமிஷனர்.)

கே: 82 ஆட்டங்களில் முதலிடம் பிடித்த என் அணி, ப்ளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. அப்போ லீக் சுற்றுக்கு மதிப்பே கிடையாதா?

ப: உண்டு. நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஓர் ஆட்டத்தை வெல்ல உங்களுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹாக்கியில் அது பலமான அணி. ஏழு ஆட்டத் தொடரை (முதலில் நான்கு வெல்பவருக்குத் தொடர்) வெல்ல 71 சதவீதம் கிடைக்கும். கோப்பைக்கு வரிசையாக நான்கு தொடர் வெல்ல வேண்டும், அதற்கு 25தான். ப்ளேஆஃபில் எதிரே நிற்பவர்களும் தேறியவர்கள் என்பதால் 60 என்பது 55 ஆனால், கோப்பை வாய்ப்பு 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 16 அணிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் 6 சதவீதம். ஆக, மற்றவர்களைவிட உங்களுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு. ஆனாலும் தோற்கத்தான் அதிக வாய்ப்பு.

கே: நிஜ என்ஹெச்எல்லிலும் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) இப்படித்தானா?

ப: லீக் முதலிடத்துக்கு 1985-86 முதல் பிரெசிடென்ட்ஸ் டிராஃபி தருகிறார்கள். 2025 வரை அதோடு ப்ளேஆஃபில் வெல்பவருக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையையும் ஓர் அணி சேர்த்து வென்றது 8 தடவைதான்; கடைசியாக 2013இல் சிகாகோ. 2019இல் 62 வெற்றி பெற்ற டாம்பா பே, கொலம்பஸிடம் 4-0 என்று சுருண்டது. 2023இல் 65 வெற்றி, 135 புள்ளி என்று சாதனை படைத்த பாஸ்டன், 3-1 என முன்னிலை பெற்றும் ஃப்ளோரிடாவிடம் தோற்றது. உடனே "முதலிடம் சாபம்" என்று எழுதாதீர்கள். அதே டாம்பா பே 2020, 2021 இரண்டிலும் கோப்பையை வென்றது.

கே: முதலிட அணியைக் கவிழ்க்க இன்ஜினுக்குள் ரகசிய சுவிட்ச் இருக்கிறது. எங்கள் கமிஷனர் மறைக்கிறார். அம்பலப்படுத்துவீர்களா?

ப: இந்தக் கடிதம் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. நீங்கள் பார்த்தது ஒரே ஒரு ப்ளேஆஃப். அதை வைத்து சுவிட்ச் என்கிறீர்கள். லீக் பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். ப்ளேஆஃப் தொடக்கத்திலிருந்து 1000 தடவை ஓட்டுங்கள். 25 சதவீத வாய்ப்புள்ள அணி 220 முதல் 280 தடவை வரை கோப்பை வென்றால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 50 தடவைதான் வென்றது என்றால் அப்போது கமிஷனரிடம் போய்ச் சண்டை போடலாம்.

அதற்கு முன்னால் உங்கள் லைன்களை, அதாவது யார் எப்போது களமிறங்குவது என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். மூன்றாவது ஆட்டத்திலிருந்து உங்கள் வலைக்கு முன்னால் நிற்பது இரண்டாம் கோலி (மாற்று கோல்கீப்பர்)! காயம்பட்ட சென்டரும் (நடு முன்கள வீரர்) பவர் பிளேயில், அதாவது எதிரணி தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் நேரத்தில், அப்படியே இருக்கிறார். இன்ஜின் என்ன செய்யும், பாவம்.

இதைவிட எனக்கு எரிச்சல், புகார் வந்ததும் பயந்துபோய் ப்ளேஆஃபை மறுபடி ஓட்டும் கமிஷனர்கள்மேல். பிடித்த முடிவு வரும்வரை ஓட்டினால் அதற்குப் பேர் லீக் இல்லை. மறு ஓட்டம் சோதனைக்கு மட்டும். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்: ஒரு தடவை ஓடியதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒரு தடவை ஓடியதை மாற்றவும் கூடாது.

கே: ப்ளேஆஃபைக் கணிக்கப் புள்ளியைப் பார்ப்பதா, கோல் வித்தியாசத்தையா?

ப: கோல் வித்தியாசத்தை. புள்ளிப் பட்டியலில் ஓவர்டைம் தோல்விக்கும் ஒரு புள்ளி சேர்ந்திருக்கும். மூன்றுக்கு மூன்று (கோலி தவிர அணிக்கு மூன்று பேர்) ஓவர்டைம், ஷூட்அவுட் வெற்றிகளும் கலந்திருக்கும். என்ஹெச்எல் விதிப்படி ஓட்டினால் ப்ளேஆஃபில் இவை எதுவும் கிடையாது. கோல் விழும்வரை ஐந்துக்கு ஐந்துதான். 82 ஆட்டங்களில் வெறும் அதிர்ஷ்டமே நாலைந்து வெற்றியை இப்படியோ அப்படியோ தள்ளிவிடும். சிம் லீக்கில் ஒரு வசதி, வீரர்களின் ரேட்டிங் கண்ணுக்குத் தெரியும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கே: நான் இந்த முறை ஜெயிப்பேனா?

ப: எந்த இன்ஜின், எத்தனை அணி, உங்கள் அணி எது? ஒன்றும் எழுதவில்லையே.

கே: எங்கள் லீக்கில் பாதி ஜிஎம்கள் லைன் அனுப்புவதே இல்லை. என் 58 வெற்றியை நம்பலாமா?

ப: தூங்குகிற அணிகளை அடித்துச் சேர்த்ததைக் கழித்துவிடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் ப்ளேஆஃபுக்கு வரப்போவதில்லை. வந்த அணிகளுக்கு எதிரான கோல் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். ஆட்டங்கள் குறைவாக இருக்கும், அதனால் அதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் பலமே இரண்டு நல்ல கோலிகள். ப்ளேஆஃபில் உதவுமா?

ப: அடுத்தடுத்த நாள் ஆட்டங்கள் வரும் லீக்கில் உதவும். ப்ளேஆஃபில் பெரும்பாலான அணிகள் முதல் கோலியையே நிறுத்தும். உங்கள் இரண்டாமவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

கே: லீக் சுற்றுக்கு மதிப்பு கூட்டத் தொடரை ஐந்து ஆட்டமாக்க நினைக்கிறோம். சரியா?

ப: தலைகீழ். 60 சதவீத அணிக்கு 71 என்பது 68 ஆகக் குறையும். ஏழு ஆட்டமே இருக்கட்டும், 16 அணிகளை 8 ஆக்குங்கள். ஒரு சுற்று குறையும், அந்த அணியின் கோப்பை வாய்ப்பு 25இலிருந்து 36 சதவீதமாகும். ஒன்பதாம் இடத்து ஜிஎம்கள் கத்துவார்கள், கத்தட்டும்.