டைமிங் பெல்ட் அறுந்த டீசல் காரில் இன்ஜின் சேதத்தை எப்படிக் கண்டறிவது?

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வரும்போது, அத்திப்பள்ளி தாண்டியதும் உங்கள் 1.5 லிட்டர் டீசல் காரின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. ஒரு மெக்கானிக் புது பெல்ட் போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் இன்ஜினையே மாற்றச் சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே திறந்து பார்க்காமல் சொல்லியிருப்பதால், இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

பெங்களூரில் டீசல் வண்டிகளில் வேலை செய்பவன் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியது: எக்காரணம் கொண்டும் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் விடாதீர்கள். இந்த வகை இன்ஜின்களில் அழுத்த விகிதம் (காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 15 முதல் 18 வரை இருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் மேலே மூடியாக இருக்கும் ஹெட்டுக்கும் இடையே இடைவெளி என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுழற்றுவது இந்த பெல்ட்தான். அது அறுந்ததும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும்; சக்கரங்களின் வேகத்தில் கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்க, திறந்தபடி நின்ற வால்வுகளில் பிஸ்டன்கள் மோதும். ஆகவே பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது, இருக்கும் சேதத்தைப் பெரிதாக்கும் வழி.

முதலில் டைமிங் கவரைக் கழற்றிப் பெல்ட் ஏன் அறுந்தது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கசிந்து ஊறியிருக்கிறதா, பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனர் சுழலாமல் இறுகியிருக்கிறதா, பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் கையால் திருப்பினால் சுழல்கிறதா என்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடிய காற்றுச் சோதனை. என் அனுபவத்தில் பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்பி, நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுப்பகுதியில் நிற்கும்படி வைக்க வேண்டும். எங்காவது தட்டினால் அழுத்தக் கூடாது. அந்த நிலையில் கேமைத் தனியாகத் திருப்பினாலும் வால்வு பிஸ்டனில் படாது. சோதிக்கும் சிலிண்டரின் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்படி கேமை நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, ஹீட்டர் பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்துங்கள். இன்டேக் குழாயில் இரைச்சல் கேட்டால் இன்டேக் வால்வு வளைந்திருக்கிறது, சைலன்ஸர் பக்கம் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் லேசாக வருவது இயல்பு; பலமாக வந்தால் பிஸ்டனையோ ரிங்கையோ சந்தேகிக்க வேண்டும்.

காற்று எங்கும் கசியவில்லை என்றாலும் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். டீசலில் பெரும்பாலும் வால்வுகள் பிஸ்டனுக்கு நேர் மேலே செங்குத்தாக நிற்பதால், மோதலின் அடி நேராக ஏறி, வால்வு தப்பித்து, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் உடைவது உண்டு. சில இன்ஜின்களில் ராக்கர்கள் ஃபியூஸ் போல உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடும் என்பதால், உடைந்த ராக்கரைப் பார்த்ததும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ராக்கர் இல்லாத, ஹைட்ராலிக் அல்லாத பக்கெட் டேப்பட் இன்ஜினில் (வால்வின் மேலுள்ள கிண்ணத்தைக் கேம் நேரடியாக அழுத்தும் வகை) கேமுக்கும் டேப்பட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து அளந்தால், வளைந்த வால்வு முழுதாக மேலேறி மூடாததால் அந்த இடத்தில் மட்டும் இடைவெளி அதிகமாகக் காட்டும்.

சேதம் உறுதியானால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பிஸ்டன் தலையில் வால்வு பதிந்த பிறை வடிவத் தடத்தைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். ஆழமில்லாத, விரிசலில்லாத தடத்தால் பாதகமில்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் பிளாக்கிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று டயல் கேஜால் அளப்பது. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தக் கனெக்டிங் ராட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்போதுதான் இன்ஜின் மாற்றும் பேச்சுக்கே இடமுண்டு. சிவாஜிநகரில் உள்ள பழைய உதிரிபாகச் சந்தையான குஜரியில் பழைய இன்ஜின் தேடுவதானாலும் கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஹெட் வேலை மட்டும்தான் என்றால், எஸ்டிமேட்டில் பெல்ட்டுடன் டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கும் உருளை), வாட்டர் பம்ப், புது ஹெட் போல்ட்டுகள் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; பல இன்ஜின்களில் அந்தப் போல்ட்டுகள் இறுக்கும்போதே நீண்டுவிடுபவை, மறுபடி போடக் கூடாதவை.