சோக்கை எடுத்தால் நிற்கும் சிறுவர் டர்ட் பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் ஒன்பது வயது மகனுக்காக, 110 சிசி திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மழைக்காலம் முழுவதும் அது கொட்டகையிலேயே நின்றது. தை அறுவடைக்குப் பின் வயல் காய்ந்ததும் எடுத்தால், சோக் போட்டால் மட்டுமே ஓடுகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பட்டறையில், இன்ஜினைப் பிரித்து போர் செய்ய (தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சீராக்க) வேண்டும் என்கிறார்கள். வண்டி அவனுக்குச் சற்று உயரமாகவும் இருக்கிறது.
- ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்: இன்ஜினைப் பிரிக்க இப்போதே சம்மதிக்காதீர்கள். சோக்கோடு ஓடி, அது இல்லாமல் நிற்பது பெரும்பாலும் கார்புரேட்டரின் பைலட் ஜெட், அதாவது இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை விடும் சிறு துளை, அடைத்திருப்பதன் அடையாளம். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, ஊசிமுனை போன்ற அந்தத் துளையை மூடிவிடுகிறது. டேங்கிலும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பியால் குத்தினால் துளையின் அளவே மாறிவிடும். அதற்குப் பிறகும் நீலப் புகை வந்து, கிக்கர் தடையின்றி இறங்கினால், பட்டறைக்காரர் சொல்வதைக் கேட்கலாம்.

நம் பக்கத்து வயல்களில் இன்ஜினை உண்மையில் தேய்ப்பது, அறுவடைக்குப் பின் பறக்கும் புழுதியும் வைக்கோல் தூசியும்தான். ஏர் ஃபில்டரில் இருப்பது நுரைப்பஞ்சு என்றால், அதைச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, அதற்கென விற்கும் ஃபில்டர் ஆயிலைப் பரவலாகத் தடவிப் பொருத்துங்கள். பெட்ரோலில் கழுவினால் பஞ்சின் ஒட்டு விட்டுப்போகும். தீ விபத்துக்கும் இடமுண்டு. புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது, பிறகு போர் செய்யக் கொடுக்கும் பணத்தைவிட மலிவு. கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறும் வகை என்பதால், டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்ட மட்டும் வேண்டாம். பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் வளையம் இருந்தால், பையன் ஹெல்மெட், பூட்ஸ் உட்பட எல்லாம் அணிந்து அமரும்போது, ஷாக்கால் வண்டி இறங்கக்கூடிய மொத்த அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி அதைத் தளர்த்துங்கள்; இருக்கையும் சற்றுத் தாழும். பிரேக் லீவரை அவன் இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க முடிகிறதா என்று, இன்ஜினை அணைத்து வைத்தே சோதியுங்கள். ஆக்சிலேட்டர் பிடியின் அருகே வேகக் கட்டுப்பாட்டுத் திருகாணி இருந்தால், அதை உள்ளே திருகத் திருக ஆக்சிலேட்டர் திறக்கும் அளவு குறையும். பழகும்வரை அப்படியே ஓட்டட்டும். உயரத்தைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

செயினை, வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன தளர்வுக்கு வையுங்கள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் அதிகம் இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். பின்சக்கர அச்சின் இருபக்கக் குறிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டல் களி ஸ்ப்ராக்கெட்டில் காய்ந்து இறுகுவதற்குள் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பைச் சக்கர பேரிங்கிலும் ஏர் ஃபில்டர் பெட்டியிலும் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் வண்டி மறுபடியும் கொட்டகைக்குத்தான் போகும். அப்போது பெட்ரோலை முழுவதும் வடித்த பிறகே நிறுத்துங்கள்.

கேள்வி: கொள்ளிடக் கரைச் சாலையில் என் மகன் டர்ட் பைக் ஓட்டலாமா?
- ஒரு வாசகர், திருவையாறு

பதில்: கூடாது. இத்தகைய வண்டிகள் சாலைக்காகப் பதிவு செய்யப்படுபவை அல்ல. கரைச் சாலை பொது இடம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிச் செய்யும் குற்றத்திற்குப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சொந்த வயலில், நீங்கள் அருகில் நிற்க, ஓட்டட்டும்.