சாமுராய் வாள்களில் எத்தனை வகை உண்டு? ஒவ்வொன்றும் எதற்குப் பயன்பட்டது?

கட்டானா, தாச்சி, வாக்கிசாஷி என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன, பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி வளைந்த வாளாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக நகோயாவில் இருந்தபோது மூன்று வருடம் இயாய்தோ வகுப்புக்குப் போனேன். உறையிலிருந்து வாளை உருவும் கலை அது. ஆரம்பத்தில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது. வாளை உடம்பில் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது. அங்கிருந்தே சொல்கிறேன்.

பழையது தாச்சி. ஹெயான் காலத்தின் பிற்பகுதியில், அதாவது சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன், இது உருவானது. அதற்கு முன் ஜப்பானில் இருந்தவை பெரும்பாலும் நேரான வாள்கள். அன்றைய சாமுராய் குதிரை வீரன். தாச்சியை இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருப்பான். கூர்ப்பக்கம் தரையைப் பார்த்திருக்கும். குதிரை மேல் உட்கார்ந்து நீண்ட வாளை உருவ அதுதான் வசதி. அலகு மட்டும் 70, 80 சென்டிமீட்டர் இருக்கும், வளைவும் நன்றாகத் தெரியும். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மிகாசுகி முனேச்சிகா இந்த வகைதான். அலகு 80 சென்டிமீட்டர், கைப்பிடிப் பக்கம் ஆழமாக வளைந்து நுனிக்குப் போகப் போக நேராகிவிடும். கூர் ஓரத்தில் பிறை பிறையாகத் தெரியும் கோலங்களால்தான் அதற்குப் பிறைநிலா என்ற அந்தப் பெயர்.

அப்புறம் போர்முறை மாறியது. முரோமாச்சி காலத்தில், அதாவது 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை, தரையில் நின்று கூட்டம் கூட்டமாகச் சண்டை போடும் காலாட்கள் பெருகினார்கள். அவர்களுக்குக் கயிறும் தொங்கலும் சரிப்படவில்லை. இடைக்கச்சையில் நேராகச் செருகிக்கொள்ளும் உச்சிகதானா பரவியது. இன்று நாம் கட்டானா என்று சொல்வது இதன் வாரிசு. இதில் கூர்ப்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும். சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

இதை வகுப்பில் என் கையாலேயே உணர்ந்தேன். இடது கை உறையின் வாயைப் பிடிக்கும். கட்டைவிரல் கைக்காப்பை ஒரு விரற்கடை முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் இறுக்கம் விட்டு வாள் உறையில் மெல்ல நழுவத் தொடங்கும். வலது கை பிடியைத் தொட்டு முன்னே இழுக்க, இடது கை அதே நேரத்தில் உறையைப் பின்னே இழுக்க வேண்டும். கூர் மேலே இருப்பதால் வாள் வெளியே வரும் அசைவே வெட்டாக முடிந்துவிடும். உருவுவது ஒரு வேலை, வெட்டுவது இன்னொரு வேலை என்று பிரிக்கவே முடியாது. ஆசிரியர் பலமுறை சொல்லியும் இடது கையை நான் மறந்துவிடுவேன். வலது கையால் மட்டும் இழுத்து இழுத்து உறை வாயின் உட்பக்கத்தைச் செதில் செதிலாகச் சுரண்டி வைத்திருந்தேன். அது கூரில்லாத பயிற்சி வாள். உண்மையான வாளாக இருந்திருந்தால் உறையைப் பிளந்து என் இடது கையை வெட்டியிருக்கும்.

நீளக் கணக்கு சுலபம். ஷாக்கு என்ற பழைய அளவு 30.3 சென்டிமீட்டர். அலகு இரண்டு ஷாக்கும் அதற்கு மேலும் இருந்தால் நீண்ட வாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வாக்கிசாஷி. ஒன்றுக்கும் குறைவென்றால் தாண்டோ, குத்துவாள்.

வாக்கிசாஷியைக் கட்டானாவின் தம்பி என்று ஒதுக்கிவிட முடியாது. எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை, சாமுராய் இரண்டையும் சேர்த்து அணிந்தார்கள். அந்த ஜோடிக்கு தாய்ஷோ, அதாவது பெரிசும் சிறிசும், என்று பெயர். நீண்ட வாளை அணிவது சாமுராயின் உரிமை. ஆனால் வாக்கிசாஷியை வியாபாரிகளும் வழிப்பயணத்தில் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஒருவர் வீட்டுக்குப் போனால் நீண்ட வாளைக் கழற்றிவிடுவது மரியாதை. உட்காரும்போது அருகில் வைப்பதென்றால் வலது பக்கம் வைப்பார்கள். வலது பக்கம் கிடக்கும் வாளைச் சட்டென்று உருவ முடியாது, அதனால் எதிரே இருப்பவருக்கு நிம்மதி. வாக்கிசாஷி மட்டும் இடுப்பிலேயே இருக்கும். தாழ்ந்த கூரைக்குக் கீழே, குறுகலான அறைக்குள் பயன்படுவதும் அதுதான்.

தாண்டோவில் யொரோய்தோஷி என்று ஒரு வகை உண்டு. முதுகு தடித்து, அலகு ஒடுங்கி இருக்கும். கட்டிப் புரளும் நெருக்கத்தில் கவசத்தின் இடுக்கில் குத்துவதற்கென்றே செய்தது. சாமுராய்க் குடும்பத்துப் பெண்கள் வைத்திருந்த கைகென் இதைவிடச் சிறியது. இன்றும் கிமோனோ அணியும் மணப்பெண்ணின் இடைக்கச்சையில் ஒரு கைகென் உறையைச் செருகுவார்கள்.

எதிர்ப்பக்கம் ஓதாச்சி. 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரம்மாண்ட வாள்களுக்கு ஒரு மோகம் இருந்தது. நகோயாவின் அட்சுதா ஆலயத்தில் தாரோதாச்சி என்ற ஒன்றைப் பார்த்தேன். அலகே 2 மீட்டருக்கு மேல். 1570இல் நடந்த அனெகாவா போரில் மகாரா என்ற வீரர் சுழற்றியது என்று சொல்வார்கள். இதையெல்லாம் இடுப்பில் செருகி உருவ முடியாது. பின்னாளில் பல ஓதாச்சிகளையும் தாச்சிகளையும் அடிப்பக்கம் வெட்டிச் சுருக்கிக் கட்டானாவாக்கினார்கள். அப்படி வெட்டும்போது அடியில் பொறித்திருந்த கொல்லரின் பெயரும் போய்விட்டது. எத்தனை கைவேலைக்காரர்களின் பெயர் அப்படித் தொலைந்ததோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும்.

சரி, போர்க்களத்தில் வாள்தான் முதல் ஆயுதமா என்றால், இல்லை. ஆரம்ப காலத்தில் சாமுராயின் வழியையே 'வில்லும் குதிரையும்' என்றுதான் சொன்னார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் யாரி என்ற ஈட்டி முன்னுக்கு வந்தது. 1543இல் தானெகஷிமா தீவுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த துப்பாக்கி சில பத்தாண்டுகளில் களத்தையே மாற்றிவிட்டது. ஈட்டி முறிந்த பிறகு, நெருக்கத்தில், தெருவில், வீட்டுக்குள் கைகொடுத்தது வாள். அது சாமுராயின் அடையாளமாக உயர்ந்தது போர் ஓய்ந்த எடோ காலத்தில்தான். நீண்ட பிடியில் வளைந்த அலகு பொருத்திய நகினாதாவையும் சிலர் வாள் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது தனிக் குடும்பம். இன்று ஜப்பானில் அதைக் கற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நேரான 'நிஞ்சா வாள்' என்று கடைகளில் விற்பது திரைப்படங்களால் பிரபலமான உருவம், அதைப் பழைய வகைகளில் சேர்க்காதீர்கள்.

வளைவு எப்படி வருகிறது என்று பலர் கேட்பார்கள். இரும்பு மணலைக் கரியோடு மூன்று நாள் இரவு பகலாக உருக்கித் தமஹாகனே என்ற எஃகை எடுக்கிறார்கள். அதை மடித்து மடித்து அடித்த பிறகு, அலகின் மேல் களிமண் பூசுவார்கள். முதுகில் கனமாக, கூர்ப்பக்கம் மெல்லிசாக. எஃகின் நிறம் சரியாகத் தெரிய பட்டறையை இருட்டாக்கி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து இறுகிச் சற்றே விரியும், முதுகு மெதுவாகக் குளிரும். அந்த இழுபறியில் வாள் முதுகுப்பக்கமாக வளைந்துகொள்ளும். இறுகிய பகுதிக்கும் மிருதுவான பகுதிக்கும் நடுவில் தெரியும் வெண்மையான எல்லைதான் ஹாமோன். நல்ல வாளில் அது அலையாகவோ பூங்கொத்தாகவோ ஓடும்.

1876இல், எடோ ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தது. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் அந்தத் தடை இல்லை. 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் மக்கள் பார்த்துப் பயந்த அதிகாரிகளின் வாள் அந்த வழியில் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலைத் தயாரிப்பு. ஜப்பானில் இன்று அவற்றைக் கலைப்பொருளாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்ள முடியாது. இன்று வாள் செய்யும் கொல்லர் ஐந்து வருடம் குருவிடம் இருந்து உரிமம் பெற வேண்டும். மாதத்துக்கு நீண்ட வாள் இரண்டுதான் செய்யலாம்.

அருங்காட்சியகத்துக்குப் போனால் முதலில் கூர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கீழே பார்த்து வைத்திருந்தால் தாச்சி, மேலே பார்த்திருந்தால் கட்டானா, அணிந்த விதத்திலேயே காட்சிக்கு வைப்பார்கள். அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் முழங்காலை மடக்கி, மேலே எரியும் விளக்கு அலகில் தெரியும் வரை மெல்லக் கீழே இறங்குங்கள். நின்றபடி பார்க்கையில் வெறும் இரும்பாக இருந்த இடத்தில், ஒரு கட்டத்தில் ஹாமோன் பனிப்புகை மாதிரி எழுந்து வரும்.