கல்லில் ஆண்டு இல்லாத அரசி

கேள்வி: லயத்தில் எல்லாரும் என் பாட்டியை 'மெத்தில்டாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அது ஒரு ஜெர்மானிய அரசியின் பெயர் என்று அண்மையில் கேள்விப்பட்டேன். பால்மரம் வெட்டிய பாட்டிக்கும் அந்த அரசிக்கும் என்ன பொருத்தம்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பொருத்தம் இருக்கிறது, அம்மா. சாக்ஸனியின் பெருங்குடியில் 895 வாக்கில் பிறந்தவர் மெத்தில்டா. ஹெர்ஃபோர்டு கன்னியர் மடத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். மடத்தின் தலைவியான அந்தப் பாட்டியின் பெயரும் மெத்தில்டாதான். 909இல் ஹென்றியை மணந்தார். ஹென்றி 919இல் அரசரானார். மூத்த மகன் ஓட்டோ 962இல் ரோமில் பேரரசராக முடிசூடினார். இன்னொரு மகன் புரூனோ கொலோன் நகரின் பேராயர்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது மகன்களால் அல்ல என்பது என் எண்ணம். 936 ஜூலை 2 அன்று ஹென்றி இறந்தார். குவெட்லின்பர்க் குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அங்கேயே மெத்தில்டா பெண்களுக்கு ஒரு மடம் எழுப்பினார். கணவருக்காகவும் குடும்பத்துக்காகவும் நாள்தோறும் வேண்டிக்கொள்வது அந்தப் பெண்களின் கடமை. முப்பது ஆண்டுகள் தாமே அதை நடத்தி, 966இல் பேத்தியிடம் ஒப்படைத்தார். பேத்தியும் ஒரு மெத்தில்டா.

இடையில் ஒரு மனக்கசப்பு. அம்மா ஏழைகளுக்கு வாரி இறைத்துச் சொத்தைக் கரைக்கிறார் என்று மகன்களே குறை சொன்னார்கள். கைம்பெண்ணாகத் தமக்குரிய சொத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, எங்கர் என்னும் ஊருக்குப் போய்விட்டார். பிறகு ஓட்டோவின் மனைவி எடித் நடுவில் நின்று சேர்த்துவைத்தார். மெத்தில்டா இறந்தபின் எழுதப்பட்ட அவருடைய இரண்டு வாழ்க்கை வரலாறுகள் இதைச் சொல்கின்றன.

இதைப் படித்தபோது என் அம்மாவை நினைத்தேன். அப்பா இறந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்த வாரத்தில், அம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி இறக்கினார். அந்த வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்து வேலைக்குப் போக முடியவில்லை. அண்ணன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கணக்குக் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ஒட்டுப்பால் வாளியைக் கழுவினார். அந்த வாளிச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகள் பேரரசர்களானாலும், தோட்டத் தொழிலாளர்களானாலும், தாயின் கை எவ்வளவு கொடுக்கலாம் என்று அளக்கத்தான் பார்க்கிறார்கள். உங்கள் பாட்டியும் கொடுத்தவர்தான் என்று நினைக்கிறேன். லயமே ஒருவரை 'அக்கா' என்று அழைப்பது சும்மா வருவதில்லை.

968 மார்ச் 14 அன்று அரசி மறைந்தார். கணவர் பக்கத்திலேயே அடக்கம். அந்தக் குன்றுக் கோயிலில் அவருடைய கல்பெட்டி இன்றும் இருக்கிறது. மூடியில் லத்தீன் எழுத்துகள்: அரசி மெத்தில்டா இறந்த நாள், இங்கே இளைப்பாறுகிறார், அவர் ஆன்மா நிலையான அமைதி பெறட்டும் என்று. ஆண்டு மட்டும் இல்லை. நமக்குத் திதி எப்படியோ, அந்த மடத்துப் பெண்களுக்கு அந்த நாள். ஆண்டுதோறும் வேண்டிக்கொள்ள நாள் போதும்.

தோட்டத் துண்டாடலில் எங்கள் இடுகாடு செம்பனைக்குள் போய்விட்டது. உங்கள் பாட்டியின் சிலுவையில் பெயரும் நாளும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றனவா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.