கிடங்கில் 32 கேமரா, ஆனாலும் ஆள் உள்ளே வந்துவிட்டார்

வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: எங்கள் சரக்குக் கிடங்கில் 32 கேமராக்கள் இருக்கின்றன. போன மாதம் பாஸ் இல்லாத ஒருவர் உள்ளே வந்து, சரக்கு அடுக்கியிருக்கும் இடம் வரை நடந்துபோய், 40 நிமிடம் கழித்து வெளியேறியிருக்கிறார். எல்லாம் பதிவாகியிருக்கிறது, ஆனால் மறுநாள்தான் பார்த்தோம். இன்னும் கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கிற 32-உம் நடந்து முடிந்ததைச் சொல்கின்றன. நடக்கும்போது சொல்ல ஒன்றுகூட இல்லை, அதுதான் உங்கள் பிரச்சினை. முதலில் அவர் எப்படி நுழைந்தார் என்று பதிவில் தேடிப் பாருங்கள். சுவர் ஏறிக் குதித்திருக்க வாய்ப்பு குறைவு. பாஸ் காட்டிய ஒருவருக்குப் பின்னாலேயே கதவு மூடுவதற்குள் வந்திருப்பார், இல்லாவிட்டால் லோடு ஏற்றும் மேடையில் காற்றுக்காக யாரோ பாதி தூக்கிவிட்ட ஷட்டர் வழியாக. மேலே ஒளிரும் ஜாக்கெட், கையில் ஒரு அட்டைப்பெட்டி, இவ்வளவு இருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்பதில்லை. பெட்டி தூக்கி வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு, அதைக் குற்றமாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

அதனால் கேமராவைக் கதவோடு இணையுங்கள். பாஸ் தேய்க்காமல் கதவு திறந்தாலோ, அரை நிமிடத்துக்கு மேல் திறந்தே கிடந்தாலோ, அந்தக் கதவின் படம் தானாகவே காவல் அறைத் திரையில் பெரிதாக வந்து நிற்க வேண்டும். ஒரு பாஸுக்கு இரண்டு பேர் நுழைவதைக் கண்டுபிடிக்க, கதவுக்கு நேர் மேலே தலை எண்ணும் கேமரா ஒன்று வைக்கலாம். ஆட்கள் இல்லாத நேரத்தில் கேமராப் படத்தில் வேலியோரமாக ஒரு கற்பனைக் கோடு போட்டு, யாராவது அதைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி செய்யலாம். கூடவே ஒரு ஒலிபெருக்கி இருந்தால் ரொம்ப நல்லது: 'மஞ்சள் சட்டை போட்டவரே, அங்கேயே நில்லுங்கள்' என்று ஒரு குரல் கேட்டால், தன்னை ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே புரிந்துவிடும்.

அப்புறம் ஒரு வேலை, இதற்குச் செலவே இல்லை. காவல் அறையிலிருந்து கடைசிக் கதவு வரை நடந்து பாருங்கள். உங்களுக்கு 4 நிமிடம் பிடிக்கிறது, வருகிறவர் 2 நிமிடத்தில் சரக்கைத் தொட்டுவிடுவார் என்றால், கதவில் மணி அடித்துப் பயனில்லை, வேலியிலேயே அடித்தாக வேண்டும். எந்தக் கேமரா எங்கே என்பதை இந்தக் கணக்குதான் முடிவு செய்ய வேண்டும், கேமரா விற்பவர் கொண்டுவரும் வரைபடம் முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: இரவுக் காவலர் 16 கட்டத் திரைக்கு முன் உட்கார்ந்தே இருக்கிறார், ஆனாலும் தவறவிடுகிறார். ஆளை மாற்றலாமா?

பதில்: யாரை உட்கார வைத்தாலும் இதேதான் நடக்கும். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ரேடார் பார்ப்பவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் செய்த சோதனை அது. கடிகார முள் மாதிரி ஒன்று படிப்படியாக நகரும், எப்போதாவது ஒருமுறை இரட்டைப் படி தாவும், அதை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் போதும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறுகள் கூடிவிட்டன. உங்கள் காவலர் உட்காருவது ஒரு முழு இரவு! திரையை இருட்டாகவே விட்டு, ஏதாவது நடந்தால் மட்டும் படம் வரும்படி மாற்றுங்கள், இடையிடையே அவரைச் சுற்றிவரச் சொல்லுங்கள்.

ஆனால் பொய் எச்சரிக்கையைக் குறைக்காமல் இதைச் செய்தால் இன்னும் மோசமாகும். ஓர் இரவில் நூறு தடவை மணி அடித்தால் எந்த மனிதரும் சத்தத்தை அணைத்துவிடுவார். பல இடங்களில் காரணம் சிலந்தி. கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வந்து லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும், அது காற்றில் ஆடினால் ஆள் நடமாட்டமாகப் பதிவாகும். விளக்கைத் தனியாக வாங்கிக் கொஞ்சம் தள்ளி மாட்டிவிட்டு, லென்ஸை அடிக்கடி துடைத்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

கேள்வி: ஆள் தெரிகிறார், முகம் தெரியவில்லை. கேமரா தரமில்லையா?

பதில்: பார்க்கிற அகலம்தான் அதிகம். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தர விதியின் 2014 பதிப்பில் இதற்கு அளவு சொல்லியிருந்தார்கள்: ஆள் இருப்பதைக் கண்டறிய, பார்க்கிற அகலத்தில் மீட்டருக்கு 25 பிக்சல் (படப்புள்ளி), தெரிந்தவரை அடையாளம் காண 125, முன்பின் தெரியாதவரை யாரென்று உறுதியாகச் சொல்ல 250. 1920 பிக்சல் அகலமுள்ள கேமரா 40 மீட்டர் முற்றத்தைப் பார்த்தால் மீட்டருக்கு 48-தான் வருகிறது. முகம் வேண்டுமானால் அதே கேமரா ஏழரை மீட்டருக்கு மேல் பார்க்கக் கூடாது. கூரையில் மாட்டினால் ஹெல்மெட்டின் உச்சிதான் கிடைக்கும், ஆகவே எல்லோரும் கடந்தே ஆக வேண்டிய வழியில் இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒன்று வையுங்கள். ஷட்டர் திறந்திருக்கும் பகலில் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து ஆள் கறுப்பாகத் தெரிந்தால், கேமராவில் டபிள்யூடிஆர் வசதியை (வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் ஒரே படத்தில் தெரிய வைப்பது) போட்டுவிட்டு, அவர் நாலைந்து அடி உள்ளே வந்த பிறகு முகம் விழும்படி கோணத்தை மாற்றுங்கள்.

கேள்வி: 30 நாள் பதிவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: பதிவு விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிகாபைட். 32 கேமரா, 30 நாள் என்றால் ஏறக்குறைய 41.5 டெராபைட்.

இடத்தைவிட நேரத்தைப் பாருங்கள். நான் வேலை செய்த ஒரு கிடங்கில் ரெக்கார்டர் கடிகாரமும் கதவின் கடிகாரமும் 11 நிமிடம் வித்தியாசமாக ஓடின, யாருடைய பாஸில் அந்தக் கதவு திறந்தது என்று சொல்ல முடியாமல் மூன்று பேரைச் சந்தேகப்பட்டோம், அந்த மூன்று பேரும் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். இன்னும் எனக்கு அது உறுத்துகிறது. எல்லாக் கருவிகளும் ஒரே நேர சர்வரிலிருந்து (சரியான நேரத்தைத் தரும் கணினி) நேரம் எடுக்கும்படி வையுங்கள். அதோடு, வாங்கும்போது வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பெருமளவில் பிடித்தது அந்தப் பழைய பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

கேள்வி: எங்களைக் கண்காணிக்கவே கேமரா என்று தொழிலாளர்கள் கோபப்படுகிறார்கள்.

பதில்: அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது, பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும் என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள், உடை மாற்றும் அறையிலும் சாப்பிடும் இடத்திலும் இருப்பதைக் கழற்றுங்கள். யார் எத்தனை நிமிடம் டீ குடித்தார் என்று அந்தப் பதிவை வைத்து ஒருமுறை கணக்குக் கேட்டுவிட்டால், அப்புறம் பாஸ் இல்லாத ஆள் பக்கத்தில் நின்றாலும் உங்களிடம் வந்து சொல்ல அவர்களுக்குத் தோன்றாது.